வசனமே இல்லாத பழிவாங்கும் பேய்ப்படம்: கோபத்துக்கான காரணத்தை எப்படிக் காட்டுவது?

செங்காங்_கேமரா கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டு. எங்கள் குழு 15 நிமிடக் குறும்படம் ஒன்று எடுத்துக்கொண்டிருக்கிறது. பேய்ப்படம், பழிவாங்கும் கதை. முழுப் படத்திலும் ஒரு வரி வசனம் இல்லை. எழுத்து அட்டையும் போடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டோம்.

கதை இதுதான். ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, பதினொன்றாவது மாடி. வீட்டுப் பணிப்பெண் சன்னலின் வெளிப்பக்கத்தைத் துடைக்கும்போது விழுந்து இறந்துவிடுகிறாள். கொஞ்ச நாளில் அந்தக் குடும்பம் வேறொரு பெண்ணை வேலைக்கு எடுக்கிறது. பழையவள் திரும்பி வருகிறாள். 2012லிருந்து இங்கே சிங்கப்பூரில் விதி இருக்கிறது: மாடி வீட்டில் பணிப்பெண் சன்னலின் வெளிப்பக்கத்தைத் துடைக்க வேண்டுமென்றால் சன்னலின் கம்பிக்கதவு பூட்டியிருக்க வேண்டும், வயதுவந்த ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் கதையில் அந்தப் பூட்டு திறந்து கிடக்கிறது. சாவி முதலாளியம்மாவின் சாவிக்கொத்தில் தொங்குகிறது. பக்கத்தில் யாரும் இல்லை.

முதல் வெட்டு தயார். ஆசிரியர் பார்த்தார். “அவள் ஏன் கொல்கிறாள் என்று பார்க்கிறவர்களுக்குப் புரியாது. ஒரு பிளாஷ்பேக் வை, இல்லாவிட்டால் ஊருக்கு எழுதிய ஒரு கடிதத்தைக் காட்டு” என்றார். இன்னொன்றும் சொன்னார். முதல் பாதியில் கேமரா அசையாமல் நீண்ட நீண்ட ஷாட்டுகள். இரண்டாம் பாதியில் ரத்தம், சிவப்பு விளக்கு, திடீர் ஜூம், நள்ளிரவுக் காட்சியில் ஓடுகிற மலிவுப் படம் மாதிரி. “இது இரண்டு படம். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடு” என்கிறார்.

எனக்கு இரண்டும் வேண்டும். அந்தப் பெண்ணின் வேலையைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும், அவளுடைய கோபத்தை வெட்கமில்லாமல் பார்க்க வேண்டும். இப்படி யாராவது எடுத்திருக்கிறார்களா? பிளாஷ்பேக் இல்லாமல் தப்பிக்க முடியுமா? என்ன படம் பார்க்கலாம்?

---

ஜூரோங்_ஒலிக்காரி:

தம்பி, பிளாஷ்பேக் வைக்காதீங்க. கடிதமும் வேண்டாம்.

நான் இங்கே பல வருடமாக ஒலிப்பதிவு, ஒலிக்கலவை வேலை செய்கிறேன். தொலைக்காட்சி நாடகம், விளம்பரம், குறும்படம் எல்லாம் கைக்கு வரும். வசனம் இல்லாத படம் ஒன்று வந்தால் அன்றைக்கு எனக்குத் தூக்கம் வராது, அவ்வளவு பிடிக்கும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நம் ஊர்ப் பழிவாங்கும் படங்களை யோசித்துப் பாருங்கள். இடைவேளைக்குப் பிறகு நாயகன் உட்கார்ந்து கதை சொல்வான். தங்கைக்கு என்ன நடந்தது, ஊருக்கு என்ன நடந்தது என்று எல்லாம் வரும். அந்தப் பேச்சு முடிந்த நிமிடத்திலிருந்து அவன் யாரை வெட்டினாலும் நாம் கைதட்டுவோம். வழக்கு அவன் வாயால் முடிந்துவிட்டது, தீர்ப்பும் நம் கையில் கொடுக்கப்பட்டுவிட்டது. பேச்சை எடுத்துவிட்டால் அந்த வசதி இல்லை. கொலை கண்முன்னே நடக்கிறது, இது சரியா தவறா என்று நமக்கு யாரும் சொல்லித்தருவதில்லை. நாற்காலியில் நெளிகிறோம். அந்த நெளிதலுக்காகத்தான் இந்த வகைப் படத்தையே எடுக்கிறார்கள். உங்கள் ஆசிரியர் கேட்கிற பிளாஷ்பேக் அதைத்தான் முதலில் கொல்லும்.

நடந்த உதாரணமே இருக்கிறது. 1955ல் அமெரிக்காவில் ஜான் பார்க்கர் எடுத்த ‘டிமென்ஷியா’. ஒரு பெண், ஓர் இரவு, ஒரு கத்தி. வசனம் கிடையாது. ஜார்ஜ் ஆன்தைல் இசையும் மார்னி நிக்ஸனின் சொல்லில்லாத குரலும் மட்டும். நியூயார்க் தணிக்கையாளர்கள் தடை செய்தார்கள். பிறகு வேறொரு நிறுவனம் அதை வாங்கி, மேலே ஓர் ஆணின் விளக்கக் குரலை ஒட்டி, ‘டாட்டர் ஆஃப் ஹாரர்’ என்று பெயர் மாற்றி 1957ல் வெளியிட்டது. இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். அதே படச்சுருள்தான். ஆனால் அந்தக் குரல் வாயைத் திறந்ததும் பயம் இறங்கிவிடுகிறது. அவள் என்ன நினைக்கிறாள் என்று எவனோ ஒருவன் நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

சரி, காரணத்தை எப்படிக் காட்டுவது? வேலையைக் காட்டுங்கள். கனெட்டோ ஷிண்டோவின் ‘நேக்கட் ஐலண்ட்’, ஜப்பான், 1960. ஒரு சின்னத் தீவு, ஒரு குடும்பம். குடிக்கவும் பயிருக்கும் தண்ணீரை வேறு கரையிலிருந்து படகில் கொண்டுவந்து, தோளில் காவடியாகத் தூக்கி மலையேற்றுகிறார்கள். படம் முழுக்க ஏறக்குறைய அதுதான், பேச்சு இல்லவே இல்லை என்று சொல்லலாம். ஓர் இடத்தில் மனைவி கால் தவறி ஒரு வாளியைக் கொட்டிவிடுகிறாள். கணவன் அறைகிறான். அந்த ஒரு வாளியின் மதிப்பு அப்போது நமக்குத் தெரியும், ஏனென்றால் அதை அவளோடு நாமும் மலையேற்றியிருக்கிறோம். பிறகு மகன் இறந்தபின் அவளே தண்ணீரைத் தரையில் கவிழ்த்துப் பயிரைப் பிடுங்கி எறிவாள். ஒரு விளக்கமும் தேவைப்படாது.

உங்கள் 15 நிமிடத்தில் முதல் நான்கு நிமிடத்தை அந்தப் பெண்ணின் காலை வேலைக்கே கொடுங்கள். துணிகளை மூங்கில் கழியில் கோத்து வெளியே நீட்டுவது, தரை துடைப்பது, பள்ளிப்பையைக் கட்டிக்கொடுப்பது. கடைசியில் சன்னல். இவ்வளவையும் பார்த்த ஒருவனுக்கு அந்தத் திறந்த பூட்டு போதும்.

இப்போது நம்முடைய படம். ‘மெர்க்குரி’, 2018, கார்த்திக் சுப்பராஜ். தமிழ்நாட்டில் படத்துறை வேலைநிறுத்தம் நடந்த நேரம் என்பதால் மற்ற ஊர்களில் முதலில் வெளியாகி, அங்கே பிறகுதான் வந்தது. வசனமே இல்லாத பேய்ப்படம், பழிவாங்கும் கதை. கோடைக்கானல் பாதரசப் பாதிப்பை மனதில் வைத்து எடுத்தது. பார்க்காதவர்கள் இந்தப் பத்தியின் மிச்சத்தைத் தாண்டிவிடுங்கள். பாதரச நஞ்சால் பேச்சும் கேட்கும் திறனும் இழந்த நண்பர்கள் ஒரு பக்கம். அவர்களைத் துரத்துகிற பிரபுதேவாவுக்குக் கண் தெரியாது, சத்தத்தை வைத்துத்தான் வேட்டை. தான் எழுப்பும் சத்தம் தனக்கே கேட்காத ஒருவன், அந்தச் சத்தத்தை மட்டுமே நம்பி வருகிற இன்னொருவன். இந்த ஒரு ஏற்பாட்டுக்காகவே அந்தப் படத்தை நான் தலையில் தூக்கிவைப்பேன். இடையில் தொய்வு உண்டு. முடிவில் உணர்ச்சியைக் கொஞ்சம் அழுத்தியும் விடுகிறார்கள். ஆனாலும் அங்கே மௌனம் கதையிலேயே இருக்கிறது, பாணிக்காக ஒட்டிய ஒன்று இல்லை.

உங்கள் படத்துக்கும் இதே கேள்வி. அந்த வீட்டில் ஏன் யாரும் பேசுவதில்லை? பதில் உங்களுக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

---

பழைய_கேத்தே:

தங்கச்சி ஷிண்டோவைச் சொன்னதும் எனக்கு உட்கார முடியவில்லை. தம்பி, “இரண்டு படம், ஒன்றைத் தேர்ந்தெடு” என்ற பேச்சுக்கு ஷிண்டோவே பதில். 1960ல் அந்தத் தண்ணீர்ப் படம், மாஸ்கோவில் பெரிய பரிசு வாங்கியது. 1964ல் ‘ஓனிபாபா’. 1968ல் ‘குரோனெக்கோ’: சாமுராய்கள் ஒரு தாயையும் மருமகளையும் சீரழித்துக் கொளுத்திவிட்டுப் போகிறார்கள். இருவரும் பூனைப் பேயாக வந்து, மூங்கில் காட்டுக்குள் ஒவ்வொரு சாமுராயாகக் கூட்டிப்போய்த் தொண்டையைக் கடிக்கிறார்கள். அடுத்து அந்தத் தாயின் மகனே சாமுராயாகத் திரும்பி வருகிறான், பேயைக் கொல்லும் பொறுப்பும் அவனிடமே வருகிறது. அந்த வருடம் கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவுக்குத் தேர்வான படம். பிரான்சின் மே மாதக் கிளர்ச்சியால் விழாவே பாதியில் நின்றுபோனது. ரத்தமும் இருக்கிறது, பேய் கயிற்றில் பறக்கிறது, ஆனால் ஒவ்வொரு பிரேமும் மை ஓவியம். இதை எந்தப் பெட்டியில் போடுவது?

இந்தக் கோட்டைப் போட்டவர்கள் விமர்சகர்கள்தான். படம் எடுப்பவர்கள் எப்போதும் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்துகொண்டே இருந்தார்கள். சுவீடன் இயக்குநர் பெர்க்மானின் ‘வர்ஜின் ஸ்பிரிங்’ ஆஸ்கர் வாங்கியது. மகளைக் கொன்றவர்களைத் தந்தை கொல்லும் கதை. அதே எலும்புக்கூட்டை எடுத்து 1972ல் வெஸ் கிரேவன் ‘லாஸ்ட் ஹவுஸ் ஆன் தி லெஃப்ட்’ எடுத்தார். அழுக்கும் கொடூரமும் நிறைந்த படம், பல ஊர்களில் வெட்டுப்பட்டது. சுவீடனில் பூ ஆர்னே விபேனியஸ் என்பவர் பெர்க்மானின் ‘பெர்சோனா’ குழுவில் வேலை செய்தவர். அந்தப் படத்தில் ஒரு நடிகை பேச மறுத்துவிடுவாள், நினைவிருக்கும். இவர் பின்னால் ‘த்ரில்லர்’ என்று ஒன்று எடுத்தார். பேச முடியாத பெண், ஒரு கண்ணில் கறுப்புத் துணி, கையில் துப்பாக்கி. சுடுகிற காட்சிகள் தாங்க முடியாத அளவுக்கு மெதுவாக ஓடும். டரன்டினோவின் ‘கில் பில்’ படத்தில் வரும் ஒற்றைக்கண் பெண்ணுக்கு இவள்தான் மூலம். தம்பிக்கு ஓர் எச்சரிக்கை: அதன் சில காட்சிகள் பார்க்கவே கூடாதவை. விபேனியஸ் அவற்றைச் சந்தைக்காகச் சேர்த்தார். அவை இல்லாவிட்டால் படம் இன்னும் உறுதியாக நின்றிருக்கும் என்பது என் எண்ணம்.

ஜப்பானிய நடிகை மெய்க்கோ காஜியைப் பார்க்காமல் இந்தப் படத்தை முடிக்காதீர்கள். 1972ல் டோயே நிறுவனத்தின் ‘ஃபீமேல் பிரிசனர் ஸ்கார்ப்பியன்’ வரிசை. பெண்கள் சிறை, வன்முறை, உடம்பைக் காட்டி டிக்கெட் விற்கிற சரக்கு. மூலக் கதையான சித்திரக்கதையில் நாயகி வாய் ஓயாமல் கெட்ட வார்த்தை பேசுபவள். காஜியோ அவள் கிட்டத்தட்ட பேசவே கூடாது என்று கேட்டுக்கொண்டுதான் நடித்தார். இரண்டாவது படத்தில் அவள் வாயிலிருந்து வருவது இரண்டே வரி. மற்றதெல்லாம் பார்வை. இயக்குநர் ஷுன்யா இத்தோ பின்னணியைக் கபுகி நாடக மேடைபோல் திருப்புவார், வானம் திடீரென்று சிவக்கும். உங்கள் சிவப்பு விளக்குக்கு அங்கே போய்ப் பாடம் படியுங்கள்.

சிங்கப்பூரில் இருந்துகொண்டு பெண் பேய் பழிவாங்கும் படம் எடுக்கிறீர்கள், மலாய்ப் பெண் பேயான பொந்தியானாக்கை விட்டுவிட்டீர்களே. 1957ல் இங்கே கேத்தே-கெரிஸ் எடுத்த ‘பொந்தியானாக்’, நடித்தவர் மரியா மெனாடோ, இயக்கியவர் நம் ஆள், இந்தியாவிலிருந்து வந்த பி.என். ராவ். வாரக்கணக்கில் ஓடிய படம், இன்று பிரதியே இல்லை. அதே ஆண்டில் தொடர்ச்சியும் வந்தது, ‘டெண்டாம் பொந்தியானாக்’. டெண்டாம் என்றால் வஞ்சம். பேசும் படங்கள்தான், இருந்தாலும் இந்த மண்ணில் பழிவாங்கும் பெண் பேயைத் திரையில் முதலில் நிறுத்தியவர்கள் இவர்கள்தான். மூன்றாவதான ‘சும்பா பொந்தியானாக்’ (1958) பிழைத்திருக்கிறது. ஆசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் ஓல்டம் அரங்கில் என்ன போடுகிறது என்று ஒரு கண் வைத்திருங்கள். பீச் ரோடு கோல்டன் மைல் டவரில் ‘தி புரொஜெக்டர்’ திரையரங்கு இருந்தவரை இம்மாதிரிப் படங்களுக்கு அங்கே ஒரு வீடு இருந்தது. 2025ல் அது மூடியது எனக்கு இன்னும் ஆறவில்லை.

---

வாணி_தோ_பாயோ:

நல்ல பட்டியல். ஆனால் இரண்டு பேரும் ஒன்றைக் கவனிக்காமல் போகிறீர்கள் என்று எனக்குப் படுகிறது.

‘த்ரில்லர்’ படத்தில் பேச முடியாதவள் பெண். ஆபெல் ஃபெராராவின் ‘மிஸ் .45’ (1981) படத்திலும் அப்படித்தான், நியூயார்க் துணிக்கடைத் தெருவில் தைக்கிறவள். கொரிய இயக்குநர் கிம் கி-டுக்கின் ‘தி ஐல்’ படத்திலும் மிதக்கும் குடில்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்தான் பேசுவதில்லை. சுற்றியிருக்கும் ஆண்கள் எல்லாம் தாராளமாகப் பேசுகிறார்கள். அவளுக்குக் கொடுமை நடக்கிறது, கையில் ஆயுதம் வருகிறது, சொல் மட்டும் வருவதில்லை. ‘மிஸ் .45’ கடைசியில் அவள் வாயிலிருந்து ஒரே ஒரு சொல் வரும், “சகோதரி” என்று. அந்தச் சொல்லுக்காக நான் அந்தப் படத்தை மன்னிக்கிறேன், மற்றவற்றை அவ்வளவு சுலபமாக மன்னிக்க மாட்டேன்.

கிம்மின் ‘மோபியஸ்’ (2013) இந்தப் பேச்சில் கட்டாயம் வரும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். அதில் ஒருவருமே பேசுவதில்லை. கணவனின் துரோகத்துக்காகத் தாய் மகனைச் சிதைக்கிறாள், அங்கிருந்து குடும்பமே சிதைகிறது. கொரியத் தணிக்கை முதலில் சாதாரணத் திரையரங்குகளில் ஓட வழியில்லாத தரத்தைக் கொடுத்தது, சில காட்சிகளை வெட்டித்தான் வெளியானது. வடிவத்தில் அது அசாத்தியமான படம்: அலறல், முனகல், மூச்சு, வேறெதுவும் இல்லை. ஆனால் அந்தப் படத்திலிருந்து விலகிய நடிகை, படப்பிடிப்பில் இயக்குநர் தன்னை அறைந்ததாக 2017ல் புகார் கொடுத்தார். தாக்கியதற்காகக் கிம்முக்கு அபராதம் விதிக்கப்பட்டது. திரையில் யாரும் பேசாத அந்தப் படத்தின் பின்னால் ஒரு பெண் பேசியது இது. தம்பி, படத்தைப் பாருங்கள், இதைத் தெரிந்துகொண்டு பாருங்கள்.

உங்கள் கதைக்கு வருகிறேன். என் அம்மா மலேசியாவிலிருந்து இங்கே வீட்டு வேலைக்கு வந்தவர். அந்த வீட்டில் அவரிடம் பேசியவர்கள் குறைவு, ஆனால் அவர் ஊமை இல்லை. பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டே பாடுவார் என்று இன்றும் சொல்வார். உங்கள் பணிப்பெண்ணை வசனம் இல்லாதவளாக வைத்தால், எல்லாரும் ஏற்கெனவே அவளுக்குச் செய்வதைத்தான் உங்கள் கேமராவும் செய்கிறது. அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

உக்ரைன் படம் ‘தி டிரைப்’ (2014) பாருங்கள், கான் விமர்சகர் வாரத்தில் பெரிய பரிசு வாங்கியது. காது கேளாதோர் பள்ளி, எல்லாரும் சைகை மொழியில் ஓயாமல் பேசிக்கொள்கிறார்கள், சப்டைட்டில் கிடையாது. புரியாதவர்கள் நாம்தான். குறை நம்மிடம் இருக்கிறது, அவர்களிடம் இல்லை. முடிவில் ஒரு பழிவாங்கல் வரும், தூங்கிக்கொண்டிருப்பவர்களுக்குச் சத்தம் கேட்காது என்பதிலேயே அது நடக்கும். அதற்குமேல் சொல்ல மாட்டேன்.

---

செங்காங்_கேமரா:

வாணி அக்கா, உங்கள் கேள்வியைக் குழுவில் வாசித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசினோம். எங்களிடம் பதில் இல்லை, அதுதான் உண்மை நிலை. அந்தக் குடும்பத்தில் யாரும் பேசாததற்கு எங்கள் காரணம்: வீட்டில் எல்லார் கையிலும் தொலைபேசி. வேலையைக் குறுஞ்செய்தியில் அனுப்புகிறார்கள். அவள் தொலைபேசி டிங் என்று அடிக்கும், அவள் எழுந்து போவாள். திரையில் செய்தியைக் காட்ட மாட்டோம்.

ஆனால் அவள் பக்கம்? ஞாயிற்றுக்கிழமை அவள் தோழிகளோடு பேசுகிற காட்சி வைக்கலாமா? வைத்தால் ‘வசனமில்லாத படம்’ என்பது போய்விடுமே.

பழைய கேத்தே அண்ணே, ஸ்கார்ப்பியன் இரண்டாம் படம் நேற்று இரவு பார்த்தோம். எங்கள் ஒளிப்பதிவாளர் இன்னும் அதைப் பற்றித்தான் பேசுகிறான்.

---

ஜூரோங்_ஒலிக்காரி:

அந்த டிங் சத்தத்தை விடாதீங்க தம்பி. படத்தின் கதவே அதுதான். முதல் நான்கு நிமிடம் அவளை எழுப்புகிற சத்தம். அவள் இறந்தபின் அதே டிங் புதுப்பெண்ணுக்கு அடிக்கும். பிறகு ஒருநாள் நள்ளிரவில் முதலாளியம்மாவின் தொலைபேசியில் அடிக்கும், அனுப்பியவர் யார் என்று காட்டவே வேண்டாம். அம்மா எழுந்து போவாள். கட்டளை இடுகிற இடம் மாறிவிட்டது. உங்கள் ஆசிரியர் கேட்ட காரணம் இங்கே இருக்கிறது, ஒரு பிளாஷ்பேக்கும் இல்லாமல்.

வாணி சொன்னது நியாயம். நான் கேட்ட கேள்வியைவிட அவர் கேட்டது ஆழமானது. என் யோசனை இதுதான்: அவள் பேசட்டும், நாம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்போம். சமையலறைப் பின்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஊருக்குப் பேசுகிறாள், சிரிக்கிறாள், கையை ஆட்டி ஏதோ கதை சொல்கிறாள். கேமரா கூடத்தில். நமக்குக் கேட்பது கூடத்துக் காற்றாடியும் தொலைக்காட்சியில் ஓடுகிற ஏதோ இசையும். அவள் முழு மனுஷி என்று தெரியும். அதைக் கேட்கிற இடத்தில் அந்த வீடு நம்மை நிறுத்தவில்லை என்பதும் தெரியும். பேய் வந்தபின் அந்தக் கண்ணாடிக் கதவைத் திறந்து வையுங்கள். அவள் பாட்டை முணுமுணுக்கட்டும், சொல் இல்லாமல். வசனமில்லாத படம் என்பதும் நிற்கும்.

இசையைப் பற்றி ஒரு வார்த்தை. பேசாத படம் என்றதும் பயந்துபோய் முழுக்க வயலினை ஊற்றுவார்கள். 1987ல் வந்த ‘பேசும் படம்’ நினைவிருக்கிறதா? சிங்கீதம் சீனிவாசராவ், கமல்ஹாசன். அது நகைச்சுவை, உங்களுக்குத் தேவைப்படாது என்று ஒதுக்காதீர்கள். எல். வைத்தியநாதனின் பின்னணி இசை எங்கே ஒதுங்கி வெறும் தெருச் சத்தத்துக்கு இடம் விடுகிறது என்று காதால் மட்டும் கவனியுங்கள். உங்கள் படத்தில் முதல் பாதிக்கு இசையே வேண்டாம். மலிவுப் படத்து ஆட்டம் தொடங்குகிற இடத்தில் இசை பெரிய சத்தமாக உள்ளே வரட்டும். இரண்டு பாணியும் உரசுகிற இடம் காதில் விழட்டும், அதை மறைக்க வேண்டாம்.

விழுகிற காட்சியில் அலறல் போடாதீர்கள். இணையத்தில் கிடைக்கிற அலறல் கோப்பு எல்லாம் ஒரே மாதிரி, கேட்டதும் தெரிந்துவிடும். துணி கம்பியில் உரசுகிற சத்தம், வாளி உருள்கிற சத்தம், கீழ்த்தளத்தில் யாரோ நாற்காலி இழுக்கிற சத்தம், போதும்.

---

பழைய_கேத்தே:

கண்ணாடிக் கதவு யோசனை பிரமாதம் தங்கச்சி. தம்பி, ஜூம் அடிக்கிற இடங்களைக் குறையுங்கள். ஒரே ஒரு ஜூம், சாவிக்கொத்தை நோக்கி. அதை முழு வேகத்தில் அடியுங்கள்.

---

வாணி_தோ_பாயோ:

அந்தப் பெண்ணாக நடிப்பவர் எந்த ஊர்க்காரர்? அவருடைய பாட்டையே முணுமுணுக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டாம். சன்னல் காட்சியைத் தரைமட்டத்தில் செட் போட்டுத்தானே எடுத்தீர்கள்? இல்லையென்றால் முதலில் அதைச் சொல்லுங்கள்.

---

செங்காங்_கேமரா:

செட்தான் அக்கா. கல்லூரி ஸ்டூடியோவில் சன்னல் சட்டத்தை மரத்தில் செய்து, தரையில் மெத்தை போட்டு எடுத்தோம். வெளியே தெரிகிற மாடிகள் தனியாகப் படம் பிடித்து ஒட்டியவை. நடிப்பவர் இந்தோனேசியா, ஜாவாவிலிருந்து இங்கே படிக்க வந்தவர். பாட்டைப் பற்றிக் கேட்டேன், தன் பாட்டி பாடும் தாலாட்டு ஒன்று இருக்கிறது, பாடுகிறேன் என்றார். சனிக்கிழமை பின்கட்டுக் காட்சியை மறுபடி எடுக்கிறோம்.

ஒலிக்காரி அக்கா, கூடத்துக் காற்றாடிச் சத்தம் பதிவு செய்யத் தொலைபேசி போதுமா?

---

ஜூரோங்_ஒலிக்காரி:

போதாது. கல்லூரியில் ரெக்கார்டர் இரவல் கேளுங்கள். கிடைக்காவிட்டால் எனக்குத் தனிமடல் போடுங்கள், என்னுடையதைத் தருகிறேன். காற்றாடியை மூன்று வேகத்திலும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள், ஒவ்வொன்றும் குறைந்தது இரண்டு நிமிடம். அந்தப் பூட்டையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.